ஒன்றுக்கு அறுபத்து நாலு

என் இருபத்தெட்டு வயதுக்குள் நான் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் பிரித்திருக்கிறேன். அதையும் அறிவியல் முறைப்படி, ஒப்பிட்டுப் பார்க்கத் தனி சாம்பிள் எல்லாம் வைத்துப் பிரித்தேன்.

அந்த யோசனை உதித்த நொடி இன்னும் நினைவிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன், சித்திரை மாதத்து மதியம். திருவண்ணாமலைத் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் வேலை பார்த்த லேபில், துணித் திரைக்கு அந்தப் பக்கம் என் அக்கா வீட்டுக்காரர் வேட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றிருந்தார். அடிவயிறும் தொடையும் சேருகிற இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அதன் மேல், காய்ந்துபோன காவியில் ஒரு பிராணியின் படம்.

"இன்னா மாமா இது, பூனையா?"

"சிங்கம்டா. அக்கின்னு சொல்லி அம்மா எழுத இட்டுக்கினு போச்சு. அந்த எடத்துல முழு சிங்கத்துக்கு எடம் பத்தலியாம். குட்டி ஒண்ணு போட்டு அனுப்பிட்டாரு."

அக்கி வந்தால் பானை செய்கிறவரிடம் போய் உடம்பில் காவியால் சிங்கம் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். சிங்கத்தைப் பார்த்து அக்கி பயந்து ஓடிவிடும். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பி.எஸ்ஸி. விலங்கியல், அதற்கு மேல் வேலூரில் லேப் டெக்னீசியன் பயிற்சி. சிங்கத்தைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாமாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை. (மணிலாக் கொட்டையை, அதாவது வேர்க்கடலையை, நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) வருடத்துக்கு மூன்று நான்கு முறை சரக்கு லாரியோடு பம்பாய் போய் வருவார். என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை பெற்ற பிள்ளைதான் அவர். அக்காவைக் கட்டிக்கொண்டதால் மாமாவுக்கு மேல் மாமா. அன்றைக்கு அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: எரிச்சலுக்கு ஏதாவது களிம்பு உண்டா?

நானோ களிம்பைப் பற்றி நினைக்கவேயில்லை. கொப்புளம் இருக்கும் இடம். வருடத்தில் நாலு பம்பாய். லேப் டாக்டரின் மேசையில் இருந்த ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் முந்தின வாரம் நான் படித்திருந்த, உடலுறவில் தொற்றும், அமெரிக்காவே நடுங்கிக்கொண்டிருக்கும் பிறப்புறுப்பு ஹெர்பிஸ். மூன்றும் என் மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதின. 'இவரைக் கேட்டால் சொல்ல மாட்டார். இவர் ரத்தத்தைக் கேட்டால் சொல்லும்.'

இங்கே என் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஒரு கிருமி நுழைந்தால், அதைப் பிடிக்க ரத்தம் ஆன்டிபாடி என்று ஒன்றைத் தயார் செய்கிறது. ஒரு கிருமிக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கிருமி போன பிறகும், காய்ச்சல் வந்ததையே ஆள் மறந்த பிறகும், வந்தவனின் முகத்தை ரத்தம் மட்டும் ஞாபகம் வைத்திருக்கும். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. (அன்று ஹாஸ்டலில் கத்திரிக்காய் சாம்பார் என்பதும் ஒரு காரணம்.) என் கையில் ஓடுகிற ரத்தத்தில், எனக்கே தெரியாத என் சரித்திரம் முழுவதும் எழுதியிருக்கிறது! மலை மேல் தீபத்தைப் பார்க்கிற கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அப்படி நின்றேன் அந்தப் பாடத்தின் முன்னால்.

லேபில் நான் தினமும் செய்தது வைடால் டெஸ்ட். டைஃபாய்டுக்கானது. காய்ச்சல்காரரின் ரத்தத்தில் மேலே தெளிகிற சீரத்தை எடுத்து, தண்ணீர் கலந்து நீர்க்க வைத்துக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு நீர்த்த பிறகும் அது கிருமியை அடையாளம் காண்கிறதோ, அவ்வளவு பெரிய எண். எண் ஜாஸ்தி என்றால் டைஃபாய்டு. கம்மி என்றால் ஒன்றுமில்லை. டாக்டர் மாத்திரை எழுதிவிடுவார். இவ்வளவுதான் என் ஞானம். ஒரு டெஸ்ட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்கு உலகத்து டெஸ்ட் எல்லாம் தெரியும் என்று நான் மனதார நம்பினேன்.

மாமாவிடம் ரத்தம் எடுப்பது சுலபமாக இல்லை. எண்பது கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்கிற மனுஷர், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நோவுமாடா?" என்று மூன்று முறை கேட்டார். நோகாது என்று காட்டுவதற்காக, அவர் எதிரிலேயே முதலில் என் கையில் குத்தி என் ரத்தத்தை எடுத்துக் காட்டினேன். உடனே இன்னொரு யோசனை. எந்தப் பரிசோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் சாம்பிள் வேண்டும் என்று புத்தகம் சொல்கிறதே! ஒரு பெண்ணிடம் நின்று பேசியே அறியாத என்னைவிடச் சுத்தமான சாம்பிள் வட ஆற்காடு மாவட்டத்தில் ஏது? (பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னிடம் மணி கேட்டிருக்கிறாள். அதற்கும் கையைத்தான் நீட்டிக் காட்டினேன்.)

இரண்டு சீரமும் ஆளுக்கொரு சின்னக் குப்பியில். ஒன்று, இரண்டு என்று எண் எழுதி ஒட்டினேன். ரகசியம் காக்க வேண்டுமல்லவா, பெயர் எழுதவில்லை. சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, பிளாஸ்க்கில் போட்டு, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த என் பயிற்சிக் கால நண்பனுக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு இந்த டெஸ்ட் என்று டாக்டர் யாரும் கேட்கவில்லை. டாக்டர் யாருக்கும் தெரியாது.

பத்து நாளில் சீட்டு வந்தது. பென்சிலில் இரண்டே வரி. ஹெர்பிஸ் ஆன்டிபாடி, சாம்பிள் ஒன்று: ஒன்றுக்கு அறுபத்து நாலு. சாம்பிள் இரண்டு: ஒன்றுக்கு எட்டு.

சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை படித்தேன். அறுபத்து நாலு! ஒரு டம்ளர் பாலில் அறுபத்து மூன்று டம்ளர் தண்ணீரைக் கலந்தும், குடிக்கிற நாக்கு 'இது பால்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஞாபகம் அந்த ரத்தத்துக்கு. எண் ஒன்று என்பது நோயாளியாகத்தானே இருக்க வேண்டும்? எந்த ஊரில் வழக்குக்காரனை விட்டுவிட்டுச் சாட்சிக்காரன் பெயரை முதலில் எழுதுவார்கள்? அந்த எட்டு என்னுடையது. வைடாலில் அவ்வளவு சின்ன எண்ணை நாங்கள் திரும்பியும் பார்க்க மாட்டோம். தள்ளிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றுதான் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அக்காவின் உடம்பும் இதில் இருக்கிறதே என்று என் மனசாட்சி அரித்தது. (உண்மையைச் சொன்னால், இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் சொல்ல ஆள் இல்லாமல் மூன்று நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.) ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து, பால் டம்ளர் உதாரணத்தோடு அக்காவுக்கு விளக்கினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை.

"பம்பாயாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரத்தம் ஊர் பேரெல்லாம் சொல்லாதுக்கா."

அன்றைக்கு நான் சொன்னதில் சரியான வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு என்னைக் கை காட்டினாள். நான் விளக்க விளக்க அம்மா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் படித்தது ஒரு எண்ணை. உடைந்தது ஒரு வீடு.

அடுத்த பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். பின்னால் மாமா, திருடனை அழைத்து வருவது போல. அத்தையைப் பார்த்தால் ஊரில் கடன்காரன் கூட எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவான். வாயில் எப்போதும் வெற்றிலை. உதட்டோரத்தில் எப்போதும் ஒரு கொப்புளமோ, அது காய்ந்த பொருக்கோ இருக்கும். உடம்புச் சூடு என்பார்.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "அந்தக் காயிதத்த எட்றா" என்றார். எடுத்தேன். வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ஒண்ணுன்னா யாரு?"

"மாமா, அத்தை."

"நீ எளுதினியா, மாமான்னு?"

"இல்ல. எண்ணு மட்டும்தான்..."

அதுவரை தூணைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா மெதுவாகத் தலையைத் திருப்பினார். "மச்சான், மொதல்ல ஊசி போட்டுக்கினது நீ தானடா? நோவாதுன்னு காட்டறதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். குழந்தையும் என்னைப் பார்த்தது. முதல் குப்பியில் முதலில் எடுத்த ரத்தம். அந்த அறுபத்து நாலு, நான்.

"யாருடா அவ?" என்றார் அத்தை.

யாருமில்லை என்றேன். மணி கேட்ட பெண்ணைப் பற்றிக்கூட ஒப்புக்கொண்டேன். நான் சொன்னதை நம்ப யாரும் தயாராக இல்லை. அவர்களுக்கு ரத்தம் பொய் சொல்லாது என்று கற்றுக்கொடுத்தவனே நான்தானே? அறுபத்து நாலு என்று நினைத்தபோது மாமா வில்லன் என்றால், நிஜமாகவே அறுபத்து நாலான நான் யார்? அம்மா, கிரிவலம் சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஒன்றல்ல, பதினொன்று.

அக்கா மட்டும் அழுதுகொண்டே ஒரு புத்திசாலித்தனமான காரியம் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் இருக்குது. இவனுக்குப் படிக்கத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்டப் போலாம்."

மறுநாள் அத்தை, மாமா, அக்கா, நான், நாலு பேரும் வேலூர் பஸ்ஸில். மாமாவும் அக்காவும் ஆளுக்கொரு ஜன்னல்.

என் நண்பன் எங்களை அவன் லேப் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, கண்ணில் படாமல் மறைந்தான். டாக்டர் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சீட்டைப் பார்த்தார். இந்த டெஸ்ட் யார் கேட்டது என்றார். நான் என்றேன். எதற்கு என்றார். நான் அத்தைக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவர் மாமாவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் வந்து, அக்காவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இந்தக் கிருமி ரெண்டு ஜாதிங்க. ஒண்ணு பெரும்பாலும் வாய்ல வரும், உதட்டுக் கொப்புளம். இன்னொண்ணு பெரும்பாலும் கீழ. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. எங்க டெஸ்ட்டுக்கு யாரு அண்ணன், யாரு தம்பின்னு பிரிக்கத் தெரியாது. எப்போ வந்தது, எங்க வந்தது, யாரால வந்தது, மூணும் இந்த எண்ணுல இல்ல. ஒரு தடவை எடுத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு வாரம் விட்டு எடுத்து, நாலு மடங்கு ஏறியிருந்தா புதுசா இருக்கலாம். பெரியவங்க நிறையப் பேருக்கு இது இருக்கும். எனக்கும் இருக்கும்."

"அப்ப இவுரு..." என்றாள் அக்கா.

"இந்தச் சீட்டு அவர் நல்லவர்னும் சொல்லலிங்க, கெட்டவர்னும் சொல்லல. ஆனா அவருக்கு வந்தது இது இல்ல. இடுப்புக்குப் பின்னால ஆரம்பிச்சு, ஒரே பக்கமா, பட்டையா முன்னால வந்திருக்கு. நடுக்கோட்டைத் தாண்டல. தழும்பே சொல்லுது. சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும். அந்தக் கிருமி நரம்புல தூங்கிட்டு இருந்து எழுந்திருச்சிருக்கு. அக்கின்னு சொல்வாங்களே, அதுதான்."

அத்தை என் பக்கம் திரும்பவேயில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. காவியைத் தொட்டு எழுதுகிறவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னதை, நான் பிளாஸ்க், ஐஸ், இரண்டு குப்பி, ஒரு குடும்பம் இவ்வளவையும் செலவழித்துத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப எனக்கு எப்படிங்க அறுபத்து நாலு?" என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

வீட்டில் யாருக்காவது உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதில் அவர்கள் முத்தம் கொடுத்திருக்கலாம், எச்சில் பட்டிருக்கலாம்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அத்தையைத் திரும்பிப் பார்த்தோம்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அத்தையின் வெற்றிலை மேல் ஆசை. வாயைத் திறந்துகொண்டு அவர் முன்னால் வரிசையாக நிற்போம். நன்றாக மென்று சிவந்ததில் துளித்துளி கிள்ளி ஒவ்வொரு வாயிலும் வைப்பார். நாக்கு யாருக்கு ஜாஸ்தி சிவந்தது என்று போட்டி. கடைக்குட்டி என்று எனக்கு எப்போதும் இரண்டு பங்கு.

அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். கையை உதட்டோரம் வைத்துப் பார்த்துக்கொண்டார். டாக்டர் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். அத்தை அதைக் கேட்கவில்லை.

"பதினெட்டு வருசம் இருக்கும்" என்றார், எங்கள் யாரிடமும் இல்லாமல். "குடுத்த நானே மறந்துட்டேன். வாங்கித் தின்ன அவனும் மறந்துட்டான். இவன் ரத்தத்துல நான் இன்னும் கீறனா?"

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "ஆமாங்க. ஒருவேளை அப்படித்தான்" என்றார்.

நான் படித்த பாடத்தில் எல்லாம் இருந்தது, கிருமி, ஆன்டிபாடி, நீர்த்தல், எண். இப்படி ஒரு வாக்கியம் இல்லை. அவமானம், பயம், அக்காவின் கோபம் எல்லாவற்றையும் மறந்து, கையில் ஓடிய பச்சை நரம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னொரு முறை மாட்டிக்கொள்ளச் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன். (அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

திரும்பும் பஸ்ஸில் அக்கா மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சீட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால், இனி இவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்திருப்பாள் போல. போளூர் தாண்டியதும் அவள் குரல் கேட்டது.

"அடுத்த வாட்டி பம்பாய் லாரில நானும் வரேன்."

சொன்னபடியே லாரியில்தான் போனாள். கடலைப் பார்த்துவிட்டு, கால் வீங்கி வந்து சேர்ந்தாள். இனி அவரே போகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

நான் அக்கி எழுதுகிறவரைத் தேடிப் போனேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சக்கரத்தை நிறுத்தாமலே, ஒரு பக்கமா வந்தா அக்கிங்க, அது எல்லை தாண்டாது என்றார். பிறகு, குட்டி நல்லா வேலை செஞ்சுதா என்று கேட்டார். நல்லா செஞ்சுது என்றேன்.

என் பெயரை அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் சரியாகச் சொன்னதில்லை; 'அறுபத்து நாலு'தான். தீபத் திருவிழா ஆறாம் நாள் அறுபத்து மூவர் ஊர்வலம் வரும்போது, கூட்டத்தில் நின்று மாமா எண்ணுவார். அறுபத்து மூன்றாவது நாயனார் தாண்டியதும் என் தோளில் கை போட்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "கடைசியா ஒர்த்தர் கீறாரு, பாத்துக்கங்க" என்பார். பிள்ளைகளின் பரீட்சை மார்க், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, எந்தக் காகிதம் வந்தாலும், "மச்சான் கைல மட்டும் குடுக்காதீங்க, அர்த்தம் சொல்லிடுவான்" என்பார். அம்மா பதினொன்றில் ஏழு கிரிவலம் முடித்திருக்கிறாள். மிச்சம் நான் சுற்ற வேண்டுமாம்.

இப்போது ஒரு புதுச் செய்தி. அண்ணனையும் தம்பியையும் பிரித்துச் சொல்லும் டெஸ்ட் ஒன்றை வெளிநாட்டில் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்களாம். இந்த முறை நான் தனியாக இறங்கவில்லை. வேலூர் டாக்டர் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். அது இங்கே வந்ததும் சொல்கிறேன், குடும்பத்தார் சம்மதித்தால் முறைப்படி செய்யலாம் என்று பதில் போட்டார். அத்தையின் வெற்றிலையை வாங்கித் தின்றவர்கள் பதினாலு பேர். வருகிற தீபத்துக்கு எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அப்போதே சம்மதம் வாங்கிவிட வேண்டும். அத்தையையும் சேர்த்து, பெயர் எழுதிய குப்பிகள் பதினைந்து தயார் செய்து வைத்திருக்கிறேன்.

முதலில் அத்தையிடம்தான் போய்க் கேட்டேன். ஒரு நிமிஷம் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு ஜாக்கெட் கையை மேலே சுருட்டி, கையை நீட்டினார்.

"எப்ப வேணா எட்றா. எவ்ளோ வேணுமோ எடு. ஆனா ஒண்ணு, காயிதம் வந்தா நீ படிக்கக் கூடாது."